மூன்று சுற்று ஏர்

நாள் 388 – காலை 06:10
செவ்வாய்க் கிரகக் காய்கறிக் கூடம். எழுதுபவன் கோமதிநாயகம், இங்கிருக்கும் ஒரே ஆள். குளிர் முடிந்தது. மண்ணைக் காக்க மூடுபயிராக விட்ட சணப்புச் செடி பனியில் தானே மடிந்து பாத்திகளின் மேல் பாய் போலக் கிடக்கிறது. அதை அகற்றக் கூடாது, மண்ணைக் கிளறவும் கூடாது. நல்ல மண் அரை அடிதான், கீழே நச்சு உப்பு. சருகில் துளையிட்டுப் பதினோரு பாத்திகளில் முள்ளங்கியும் கீரையும் ஊன்றினேன். பன்னிரண்டாவது பாக்கி. எழுபது நாளில் கப்பலில் ஆறு பேர் வருகிறார்கள். இதை நம்பித்தான் அவர்கள் சாப்பாடு.

நாள் 391 – காலை 09:00
பூமியில் இன்று சித்திரை ஒன்று. ஊரில் பொன்னேர் பூட்டி, வருடத்தின் முதல் உழவு உழுவார்கள். என்னை உழச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானே கேமராவை வைத்து, ரோவர் வண்டியில் ஓர் இரும்புக் கம்பியைக் கலப்பையாகக் கட்டி, பன்னிரண்டாம் பாத்தியில் மூன்று சுற்று ஓட்டி, கீரை ஊன்றி, படத்தை ஊருக்கு அனுப்பினேன். உழக் கூடாது என்று விதி எழுதியவனே நான்தான்.
அண்ணன் செய்தி: "ஏலே கோமதி, செவ்வாயில ஏர் பூட்டுன மொத ஆளு நீதாம்ல! ஊரே விசிலடிச்சுது."
நாலு தடவை போட்டுக் கேட்டேன்.

நாள் 396 – மாலை 17:40
உழுத பாத்தியில் வெள்ளை பூத்திருக்கிறது. உப்பு. அங்கே வடியும் தண்ணீர்தான் மற்ற பாத்திகளுக்கும் சுற்றிப் போகிறது. குழாயை அடைத்தால் பூமிக்குத் தானாகத் தகவல் போகும், ஏன் என்று கேட்பார்கள். சருகை வாரி மூடினேன். நாளை அடைக்கலாம்.

நாள் 397
அடைக்கவில்லை.

நாள் 409 – காலை 07:15
எட்டுப் பாத்திகள் கருகிவிட்டன. அறிக்கையில் முளைப்பு தொண்ணூறு சதவீதம் என்று எழுதி, முதல் வாரப் படங்களையே அனுப்பினேன்.
கப்பல் தலைவி ஜெபராணி: "அண்ணாச்சி, திரும்பணும்னா 417-ஆம் நாளுக்குள்ள திரும்பிரணும். பொறவு எரிபொருள் பத்தாது. கீரை நிக்குல்லா?"
என் பதில்: "செழிப்பா நிக்கு. பயப்படாம வாங்க."
அனுப்பிய பிறகு கூச்சத்தில் காதெல்லாம் சுட்டது.

நாள் 416 – பகல் 14:00
உண்மையைச் சொல்ல மூன்று முறை பதிவு செய்தேன். முதலில் விதை சரியில்லை என்றேன். அடுத்து பம்ப் மேல் பழி போட்டேன். மூன்றாவதில் நான்தான் உழுதேன் என்று சொல்லிவிட்டேன். ஊர் இதைக் கேட்கும் என்று நினைத்ததும் அதையும் அழித்தேன். கேவலமான ஆள் நான். நாளை ஒரு நாள் இருக்கிறது.

நாள் 418 – காலை 06:30
பன்னிரண்டு பாத்திகளும் செத்துவிட்டன. நேற்று நான் வாய் திறக்கவில்லை.
ஜெபராணி: "அண்ணாச்சி, திரும்புற நாள் தாண்டிட்டு. பாரத்தைக் கொறைக்கக் காஞ்ச சாப்பாட்டுல பாதிய வெளிய தள்ளிட்டோம். எல்லாம் உங்க தைரியத்துலதான். எறங்குனதும் மொதல்ல எந்தக் கீரைய பறிச்சுத் தருவிய?"
பின்னால் ஐந்து பேரும் சிரிப்பது கேட்டது.
பாலக் என்று பதில் அனுப்பினேன்.