எட்டாவது பாட்டில் என் குலவை

ஆடி 5, திங்கள்
காலையிலேயே வெயில். முளைப்பாரிக்குப் பயறு ஊறப்போட்டாச்சு. இந்த வருசம் குலவை போட நான் இல்லை. பங்குனியில் தொண்டை ஆப்பரேசன். அதிலிருந்து பேச்சு வெறும் காற்றுதான், கிட்டே நின்றால்தான் கேட்கும். இனிச் சத்தம் திரும்பாது என்று திருச்சி டாக்டர் சொல்லிவிட்டார்.
பேத்தி அபி போன். சென்னையில் மூன்று பேராய்ப் பேண்டு வைத்திருக்கிறாள். ட்ரீம் பாப் என்று பேராம், கனவு மாதிரிப் பாட்டாம். இரண்டாவது ஆல்பம் வெள்ளிக்கிழமை.
"எட்டாவது பாட்டுல ஒன் குலவை வருது அப்பத்தா. போன வருசம் கோயில்ல போன்ல எடுத்தேன்ல, அது."
என் சத்தம் எங்கேயோ மிச்சம் இருக்கிறது. இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டேன்.

ஆடி 6, செவ்வாய்
பயறு போட்டாச்சு. மாத்திரை தீர்ந்தது. அரிமளம் போகணும்.
பக்கத்து வீட்டுச் செல்லம்மாவிடம் சொன்னேன். "பேத்தி பெருமை ஆரம்பிச்சுட்டா"ன்னு சிரிக்கிறாள். சிரிக்கட்டும். இவள் பேத்தி பாட்டு எந்த ஊரில் கேட்கிறது?

ஆடி 9, வெள்ளி
காற்று, புழுதி. செல்லம்மா வந்தாள். போனில் ஆல்பத்தைச் சத்தமாக வைத்தேன். முதல் ஆல்பத்தில் அபி குரல் கணீரென்று இருக்கும், ஒவ்வொரு சொல்லும் புரியும். இதில் எல்லாம் பனிமூட்டம். கிணற்றுக்குள் இருந்து பாடுகிற மாதிரி.
எட்டாவது பாட்டு. ஊஊ என்று ஒரே இழுவை. எதிர்வீட்டு ராக்கு ஈரக்கையோடு ஓடிவந்தாள்.
"யாருடி செத்தது?"
"ஒருத்தரும் சாகல. இவ போட்ட குலவையாம்," என்றாள் செல்லம்மா.
சாமிக்குப் போட்டது. இழவு வீட்டுச் சத்தமாகிவிட்டது. எனக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லை. அவர்களிடம் அருமையான பாட்டு என்றேன்.

ஆடி 10, சனி
தலைவலி. அபிக்குப் போன். போனை வாயோடு ஒட்டி, மூன்று தரம் சொல்லி, பழையபடி உள்ளதை அனுப்பக் கேட்டேன்.
"அது அந்தப் போனோட போச்சு அப்பத்தா. வேகத்தக் கொறச்சு இழுத்தது மட்டுந்தான் இருக்கு. இதான் எங்க புது சவுண்டு. கேட்டவங்க அழுதுட்டேங்குறாங்க."
"நல்லாருக்குத்தா," என்றேன். காற்றுதான் போனது. "கேக்கல அப்பத்தா" என்றாள். வைத்துவிட்டேன்.

ஆடி 13, செவ்வாய்
முளைப்பாரி நன்றாக வளர்ந்திருந்தது. கோயிலில், நான் வேண்டாம் என்றும் கேளாமல் செல்லம்மா கையைப் பிடித்துப் பெண்களுக்கு நடுவில் நிறுத்தினாள். எல்லோரும் குலவை போட்டார்கள். நானும் வாய்க்குள் நாக்கைச் சுழற்றினேன்.
செல்லம்மாவின் புது மருமகள், வெளியூர்க்காரி, பாவம், விசயம் தெரியாது. என் காதருகே குனிந்தாள்.
"சத்தமாப் போடுங்க அப்பத்தா. ஒங்களப் பாத்துத்தான் கத்துக்கிறேன்."