முற்றத்தில் பதிந்த டயர்

கார்த்திகை, செவ்வாய்க்கிழமை

இன்றைக்கு என் பேச்சு எடுபட்டது. இதை எழுதாமல் படுத்தால் நித்திரை வராது.

நாளைக்கு மகளைப் பிள்ளைப்பேற்றுக்கு வவுனியாவுக்குக் காரில் கொண்டுபோக வேண்டும். ரோடெல்லாம் வெள்ளம். முன் டயர் மொட்டையாகிவிட்டது என்று ஒரு மாதமாக இவருக்குச் சொல்கிறேன். "உனக்குக் கார் ஓடத் தெரியுமே? அது இன்னும் ஒரு வருசம் போகும்" என்பார். காற்று இறங்காமல் நின்றால் நல்ல டயராம்.

காலையில் இவர் நெடுங்கேணிச் சந்தையால் வந்து காரை முற்றத்துக்குள் திருப்பினார். திருப்பின இடத்தில் நாலு டயரும் ஈரமண்ணில் தனித்தனியாகப் பதிந்து கிடந்தன. மூன்றில் வரிவரியாக அடையாளம். இடப்பக்க முன் டயர் போன இடம் மட்டும் மெழுகினதுபோல வழவழவென்று இருந்தது.

"இஞ்ச வாங்கோ" என்றேன். "வயலுக்குள்ள அடியைப் பார்த்து எந்த யானை வந்ததெண்டு சொல்லுவியள். இதில என்ன வந்ததெண்டு சொல்லுங்கோ பாப்பம்."

குந்தியிருந்து பார்த்தார். திரும்பவும் காரை எடுத்தார். நானும் ஏறிக்கொண்டேன்.

டயர்க் கடைக்காரர் கழற்றிக் காட்டினார். தேய்ந்த இடத்தில் கம்பி தெரிந்தது. "இதோட வவுனியா போயிருந்தா வெடிச்சிருக்கும். நல்லகாலம் அண்ணை, நீங்கள் கண்டுட்டியள்" என்றார்.

இவர் என்னைப் பார்த்தார். நான் முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டேன். காதைத் திருப்பவில்லை.

"நான் இல்லைத் தம்பி. என்ர மனிசிதான் கண்டது."

கடையில் அப்போது ஐந்து பேர் நின்றார்கள். எண்ணினேன்.