மந்திரித்த வண்டிகள்

மரக்காணம்,
ஞாயிறு, பூசை முடிந்து.

என் அன்புக்குரிய ஜெனிதா அப்பாவுக்கு,

உங்கள் மேரிசெல்வி எழுதுகிறேன். மாதா புண்ணியத்தில் நானும் பிள்ளையும் சுகம். துபாயில் நீங்களும் சுகம் என்று போனில் சொல்கிறீர்கள். அதை நம்புவதா வேண்டாமா என்று பிறகு சொல்கிறேன். நான் வாயைத் திறப்பதற்குள் "சரி சரி, வெச்சிடு" என்று போனை வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் லீவு முடிந்து திரும்பும் உங்கள் அறைக்காரர் மார்ட்டின் தம்பியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது பாருங்கள்.

முதலில் சந்தோஷச் செய்தி. ஜெயித்துவிட்டோம். டாக்சி செயலியில் நிறுத்தி வைத்திருந்த என் ஐடி திரும்பி வந்துவிட்டது. ஐடி போனதையே சொல்லவில்லையே என்று கோபப்படாதீர்கள். நீங்கள் மட்டும் எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிவிட்டீர்களாக்கும்.

கோயில் திருவிழாவில் வண்டி மந்திரிப்பு நடந்தது. உங்களுக்குத் தெரியாததா? சாமியார் தீர்த்தம் தெளிக்கும்போது வண்டி ஸ்டார்ட்டில் இருக்க வேண்டும், கதவெல்லாம் திறந்திருக்க வேண்டும், ஓட்டுகிறவர் வெளியே கைகூப்பி நிற்க வேண்டும். நம் ஸ்டாண்டு வெங்கடாசலம் அண்ணன்கூட எப்போதும்போல விபூதிப் பட்டையோடு வந்து வரிசையில் நின்றார். வண்டிக்கு மாலை போட யாரும் மறக்கவில்லை. டாக்சி செயலியை ஆஃப் பண்ணத்தான் மறந்துவிட்டோம். ஆரோவில் பக்கமிருந்து சவாரிக்கு மேல் சவாரி கூப்பிட்டிருக்கிறது. போன்கள் வண்டிக்குள் கத்திக்கொண்டு கிடந்திருக்கின்றன. வேட்டுச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? ஒரே இடத்தில் நின்றுகொண்டு இத்தனை பேரும் சவாரியை எடுக்கவில்லையென்றால் அது சதிதான் என்று கம்பெனி கம்ப்யூட்டர் தானாகவே முடிவு கட்டிவிட்டது. மறுநாள் காலையில் மந்திரித்த வண்டி அத்தனைக்கும் ஐடி கட்.

உதவி எண்ணில் கூப்பிட்டால் பேசுவதும் மிஷின்தான். வண்டி நின்றால் தவணைக்காரன் இழுத்துக்கொண்டு போவான். நான் பழையபடி உப்பளத்துக்குப் போக வேண்டும். நீங்கள் இன்னும் எத்தனை வருஷம் அங்கேயே கிடப்பீர்களோ. அதுதான் என் பயம் எல்லாம். உங்களை ஊருக்குக் கூட்டி வரத்தானே நான் ஸ்டியரிங்கையே பிடித்தேன்.

எல்லோரும் கூடினோம். "ஏம்பா, நம்ம மேரிசெல்வி பேசட்டும், அதுக்குத்தான் வாய் இருக்குது" என்றார் வெங்கடாசலம் அண்ணன். புகழ்ந்தாரா திட்டினாரா தெரியவில்லை, நானும் சரி என்றுவிட்டேன். புதுச்சேரி ஸ்டாண்டில் கண்ணாயிரம் என்று ஒருவர் இருக்கிறார். அவருக்கோ அவர் ஆட்களுக்கோ ஐடி போகவில்லை, மந்திரிப்புக்கும் அவர்கள் வரவில்லை. ஆனாலும் சனிக்கிழமை எங்களுக்காகச் செயலியை மூடிவிட்டார்கள். ஈசிஆர் சாலை முழுக்க விடுமுறைக் கூட்டம், கூப்பிட்டால் ஒரு வண்டி வரவில்லை. திங்கட்கிழமை கம்பெனி மேனேஜர் நம் பங்கு மண்டபத்துக்கே வந்துவிட்டார்.

மனுஷன் மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க எங்க வேலைக்காரங்க இல்ல, பார்ட்னருங்க. கொஞ்ச வருஷத்துல டிரைவர் இல்லாமயே வண்டி ஓடப் போகுது, அதுவரைக்கும் அனுசரிச்சுப் போங்க" என்றார். எனக்கு வந்ததே கோபம். "பார்ட்னர்னா ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தானே சார் வெட்டி விடுவாங்க? தானா ஓடுற வண்டி வரும்போது வரட்டும். இன்னைக்கு ஓட்டுறது நாங்க. எங்ககிட்ட மனுஷன் பேசணும்" என்று சொல்லிவிட்டேன். மண்டபமே கைதட்டியது. போன ஐடிகளையெல்லாம் திருப்பிக் கொடுத்து, இனி ஆள் வைத்து விசாரிக்காமல் யார் ஐடியையும் நிறுத்த மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுத்தான் போனார். சாயங்காலம் மேளத்தோடு வண்டிகளை வரிசையாக உப்பளம் ரோட்டில் விட்டோம். உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கையாட்டினார்கள். முதல் வண்டி என்னுடையது. அன்றைக்கு என் மிடுக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இனி உங்கள் விஷயம். மார்ட்டின் தம்பி எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. திட்டாதீர்கள், நான்தான் மீன் குழம்பு ஊற்றி வாயைக் கிளறினேன். நீங்கள் டாக்சி ஓட்டிய ரூட்டில் ஆளில்லாமல் ஓடும் கார்களை விட்டுவிட்டு, உங்களிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார்களாமே. அந்தக் கார்களைக் கழுவுகிற வேலையாமே இப்போது. ஒரு கீறல் விழாமல் ஓட்டிய கை. கேட்டு அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. உங்கள் மேல் இல்லை. சரி, கொஞ்சம் உங்கள் மேலும்தான்.

தோற்றுப்போன முகத்தோடு எப்படி ஊருக்கு வருவது என்று தம்பியிடம் கேட்டீர்களாம். யார் தோற்றது? காலையில் நான் ஓட்டுகிறேன், மாலையில் நீங்கள் ஓட்டுங்கள். புதிதாகச் சங்கம் ஆரம்பித்திருக்கிறோம், உங்களைக் கேட்காமலே ஏசுராஜ் என்று உங்கள் பெயரையும் அதில் கொடுத்துவிட்டேன்.

டிக்கெட் போடுங்கள். சாமான் எதுவும் வாங்க வேண்டாம். ஏர்போர்ட்டுக்கு நானே வண்டி எடுத்து வருகிறேன். நீங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் போதும். அங்கே என்ன நடந்தது, ஏது நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். மாதா துணையிருப்பாள், நன்றாகத் தூங்கிக்கொண்டு வாருங்கள். வீடு வந்ததும் எழுப்புகிறேன்.

உங்கள்,
மேரிசெல்வி