அடிக்காத பெல்

பாப்பாவோட அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பாப்பாவை உங்களுக்குக் காட்டணும்ங்கிற உத்தரவை நான் மீறிட்டேன்னு கோர்ட் அவமதிப்பு வழக்குப் போட்டீங்களே, நேத்து கூண்டில உங்களைப் பார்த்துச் சிரிப்பை அடக்கவே முடியலை.

"இவங்க வேணும்னே கதவைத் திறக்கலைன்னு சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும். பெல்லை அமுக்கினீங்க சரி, அது அடிச்சது காதில விழுந்துதா?"ன்னு ஜட்ஜ் கேட்டார்.

ஊரார் வீட்டு வயரிங்கையெல்லாம் சரி பண்ற எலக்ட்ரீஷியன் நீங்க, தலையைச் சொறிஞ்சீங்க.

"அது அடிக்காதுங்கய்யா. கல்யாணமானதிலிருந்து நாளைக்குப் பார்க்கறேன், நாளைக்குப் பார்க்கறேன்னு நான்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்."

வழக்கு தள்ளுபடி. உங்க வக்கீல் மூஞ்சியைப் பார்க்கணுமே!

பெல் சத்தம் காதில விழுந்துதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஜெயிலுக்கே போயிருப்பேன். உங்களுக்குப் பொய் வரலை.

இந்த ஞாயிறு வாங்க. பெல்லை நாளைக்குப் பார்த்துக்கலாம். கதவைத் திறந்தே வச்சிருக்கேன்.

பாப்பாவோட அம்மா