மாரியக்கா, நான் சிரித்துக்கொண்டே போனை எடுத்தேன்

என் செல்லச் சண்டைக்காரி மாரியக்காவுக்கு,

மேலுலகத்திலும் யார் தட்டிலிருந்தாவது அப்பளத்தைத் திருடிக்கொண்டுதான் இருப்பாய். இங்கே ஒரகடம் ஹாஸ்டலில் உன் ஜன்னலோரக் கட்டிலுக்கு இன்னும் அடிதடி. காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனபோதுகூட, "என் கட்டில எவளுக்கும் குடுத்துராதட்டி" என்றாயே. நான்தான் படுத்திருக்கிறேன். கோபமா அக்கா?

ஒரு நல்ல செய்தி. ரகுவையும் அவன் காதலையும் விட்டுவிட்டேன்!

பேச்சியம்மாள் என்ற பெயர் பட்டிக்காடாக இருக்கிறதென்று என்னை 'ப்ரியா' ஆக்கினானே, பதினெட்டு வயசுக்காரிக்கு அது அன்பாகத்தான் தெரிந்தது. அப்புறம், பஸ்ஸில் பக்கத்தில் யாரென்று போட்டோ அனுப்பணும். சத்தமாகச் சிரிக்கக் கூடாது. ஒருநாள் கையை முறுக்கினான். வளையல் கீறியது என்று உன்னிடம் மழுப்பினேன்.

நீ நம்பினால்தானே! கம்பெனியில் அசெம்பிளி லைனுக்குப் போகும்முன் போனை லாக்கரில் வைக்கிறோமே, அதைக் கவனித்துத்தான் ஒருநாள் கேட்டாய்: "ஏட்டி பேச்சி, லைன்ல நிக்கையில கெக்கெக்கேன்னு சிரிக்கே. ஷிப்ட் முடிஞ்சு போன கையில எடுத்ததும் மூஞ்சி செத்துல்லா போவுது. இது என்னட்டி காதல்?" எனக்கு வந்த கோபத்தில் உன்னோடு பேசவே இல்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

போன திங்கட்கிழமை, கம்பெனி பஸ் வரும் நேரம் பார்த்து ஹாஸ்டல் பஸ் ஸ்டாப்பில் பைக்கோடு வந்து நின்றான். "ப்ரியா, போன குடு. எவன்கிட்ட பேசிக்கினு கீறன்னு பாக்கணும்."

போனை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன் அக்கா. சொல்லியும்விட்டேன். "தர மாட்டேன். எம் பேரு பேச்சியம்மா."

கையைப் பிடித்தான். அவ்வளவுதான், பஸ்ஸுக்குள்ளிருந்து நம் பிள்ளைகள் "பேச்சி! பேச்சி!" என்று ஊரைக் கூட்டிவிட்டார்கள். டிரைவர் அண்ணன் இறங்கியே வந்துவிட்டார். "இன்னாப்பா, கைய வுடு. நீ ஏறும்மா, ஷிப்டுக்கு டைம் ஆவுது." அவன் பைக்கை உதைக்கிறான், உதைக்கிறான், அது கிளம்பவே மாட்டேன் என்கிறது. பஸ்ஸே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாக நான்தான் சிரித்தேன்.

வார்டனிடம் எல்லாம் சொல்லியாயிற்று. அம்மாவிடமும் சொன்னேன். ஊருக்கு வந்துவிடு என்பாளோ என்று பயந்தேன். அழுதாள், திட்டினாள், கடைசியில் "வேலைய மட்டும் விட்டுராத" என்றாள்.

அன்றைக்கு ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தபோது சிரித்துக்கொண்டே போனை எடுத்தேன். அதைப் பார்க்க நீ இல்லையே, பாவி! எங்கே போய்த் தொலைந்தாய்?

இனி எவன் குரல் கேட்டு என் மூஞ்சி செத்துப்போனாலும், அந்த நிமிஷமே போனை வைத்துவிடுவேன். உன் கட்டில்மேல் சத்தியம்.

கூடப்பிறக்காத உன் தங்கச்சி,
பேச்சியம்மாள்