படத்தில் இருக்கும் பெரிய இலங்கை

சண்டைக்கு ஆளில்லாமல் என்னை விட்டுப்போன என் மச்சானுக்கு,

வருகிற தை மாதத்தோடு நீங்கள் போய் ஒரு வருஷம். ரயில் தெமோதரைக்கு வந்துவிட்டது. பதுளைக்கும் தண்டவாளம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் ஜவுளிக்கடையை அக்காவே பார்க்கிறாள், உங்களைவிட நன்றாகவே. கோபித்துக்கொள்ளாதீர்கள், உள்ளதைத்தானே சொல்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தலைத்திவசத்துக்கு மறுநாள் கடைவீதித் தமிழ்ச் சபையில் நீங்கள் எழுதி வைத்த கட்டுரையை வாசிக்கப்போகிறார்கள். வாசிக்கச் சொல்லியிருப்பது என்னை. அது தப்பு என்று உங்கள் முகத்துக்கு நேரே சொன்ன ஒரே ஆள் நான்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது.

பண்டாரவளையில் ஒரு துரையின் பங்களாச் சாமான்கள் ஏலம் போனபோது ஒரு பழைய புத்தகம் வாங்கி வந்தீர்களே, அதில் ஆரம்பித்தது அந்தக் கட்டுரையும் நம் சண்டையும். கிரேக்கர் காலத்துத் தேசப்படம் ஒன்று அதில் இருந்தது. இந்தியா சுருங்கிக் கிடக்க, பக்கத்தில் இலங்கை பூதாகாரமாக நின்றது. "பாத்தியா மாப்ள, எம்புட்டுப் பெரிய நாடு! மிச்சமெல்லாம் கடலுக்குள்ள போயிருச்சு. அங்க நம்ம ஆளுங்க கட்டுன பட்டணம் கெடக்கு. நட்சத்திரத்த அளந்தவங்க, இரும்ப உருக்குனவங்க" என்றீர்கள். நான் தோட்டங்களில் சர்வேயருக்கு அளவுச் சங்கிலி பிடிக்கிறவன். "படம் வரைஞ்சவன் இங்க வந்து அளந்தானா மச்சான்?" என்று கேட்டேன். அதற்கப்புறம் ஒரு வாரம் நீங்கள் என்னோடு பேசவில்லை.

ஏன் அத்தனை பிடிவாதம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை, இப்போது புரிகிறது. அரசாங்கக் கச்சேரிக் குமாஸ்தா ஒருவன் உங்களையும் என்னையும் சேர்த்துக் கூலிக் கூட்டம் என்றானே, அவனுக்குக் காட்ட உங்களுக்கு ஒரு பட்டணம் வேண்டியிருந்தது. அவன்மேல் எனக்கும் இன்னும் கோபம் தீரவில்லை.

போன மாதம் நமுனுகுலப் பக்கம் ஒரு தோட்டத்தில் எல்லை அளந்தோம். மத்தியானம் தண்ணீர் குடிக்க, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். வாசலில் மாரிமுத்துக் கங்காணியும் பேச்சியம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். இளவயதில் ஒரே கூட்டமாகக் கடல் தாண்டி வந்தவர்கள். மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே இந்த மலைவரைக்கும் நடந்தவர்கள்.

"நடந்து வர எத்தன நாளு ஆச்சுங்க?" என்று கேட்டேன்.

"பதினாறு நாளு" என்றார் கங்காணி.

பேச்சியம்மாள் விடவில்லை. "யாரு சொன்னா? முப்பத்தஞ்சு நாளு. புள்ளைக்குப் பேதி கண்டு நான் நடுவழியில தம்புள்ளையில கெடந்தேன். நீங்கள்லாம் போயிட்டீங்க. செல்லத்த அங்கனயே மண்ணுல வச்சிட்டு, பின்னால வந்த கூட்டத்தோட வந்தேன்."

கங்காணி தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று சாயங்காலம் ஒரு நாள் நடைக்கு இத்தனை மைல் என்று வைத்து ஒரு காகிதத்தில் இரண்டு இலங்கை வரைந்தேன். கங்காணி சொன்னபடி ஒன்று, பேச்சியம்மாள் சொன்னபடி ஒன்று. அவள் இலங்கை இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. உங்கள் கிரேக்கனும் இதைத்தான் செய்திருக்கிறான், மச்சான். இந்தப் பக்கமே வராமல், கப்பலில் வந்துபோனவர்கள் சொன்ன நாள் கணக்கை வாங்கித் தூரமாக்கியிருக்கிறான். காற்றில்லாமல் கடலில் கிடந்தவனுடைய நாளும் அதில் சேர்ந்திருக்கும். படம் பெரிதாக இருக்க ஒரு சாண் நிலம்கூட மூழ்கியிருக்க வேண்டாம்.

மூழ்கிய பட்டணத்தில் ஒருவர் பெயராவது உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தம்புள்ளையில் கிடக்கிற பிள்ளையின் பெயர் தெரியும், செல்லம். இந்த மலையில் இத்தனை ரோட்டையும் வெட்டினவர்கள் யார் என்றும் தெரியும். அந்தக் குமாஸ்தாவுக்குச் சொல்ல அது போதாதா?

இதைச் சபையில் சொல்லப்போவதாக அக்காவிடம் சொன்னேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. "செத்த மனுசன் எந்திரிச்சு வந்து பதில் சொல்லுவாரா? அவரு எழுதுனத அப்படியே படிச்சிட்டு எறங்கு" என்றாள். இரண்டு நாள் சோறு போட்டாள், பேச்சில்லை. முடியாது என்று சபைக்குச் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். தப்பென்று தெரிந்ததை உங்கள் பெயரில் படித்துக் கைதட்டு வாங்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் அவளே கடைக்குக் கூப்பிட்டாள். உங்கள் கட்டுரை அவள் மடியில் இருந்தது.

"ஒனக்குத் தோணுனதச் சொல்லு. நீ முடிச்சதும் நான் எந்திரிப்பேன். அவரு பக்கத்த நான் பேசுவேன். இத்தன வருசமா அதக் கேட்டுக்கிட்டு இருந்தவ நான்தான? கடலு நெலத்தத் திங்காதுன்னு நீ எனக்கு ருசு பண்ணு பாப்போம்."

நம் சபையில் பெண் எழுந்து பேசியதே இல்லை. தலைவரிடம் கேட்டேன். முதலில் இழுத்தார், அப்புறம் சரி என்றார்.

ஆகவே உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். ஓர் எழுத்து மாற்றாமல், நீங்கள் வாசிப்பதுபோலவே குரலை ஏற்றி இறக்கி உங்கள் கட்டுரையை வாசிப்பேன். பிறகு அது தப்பு என்று நிரூபிப்பேன். அதற்கப்புறம் அக்கா எழுவாள். கணவனை இழந்தவள் ஆயிற்றே என்று அவளுக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன், மச்சான். உங்களுக்கு என்றைக்காவது விட்டுக்கொடுத்திருக்கிறேனா?

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரியோடு மோதப்போகும் மச்சினன்,
சுப்பையா