மூன்றாவது பிரசவம்

ஞாயிறு, 2 நவம்பர்
காலையிலிருந்து மழை. அண்ணிக்குக் கருமாதி. பாடாங் மேஹாவில் எங்கள் வீட்டு வாசலில் கூடாரம், பிளாஸ்டிக் நாற்காலி, சேறு. சாப்பிட்டுக் கை கழுவிய சித்தி: "குடுத்து வச்சவ. பூவும் பொட்டுமா போயிட்டா." அம்மா உடனே: "ஆம்பளப் புள்ளைய குடுத்துட்டுத்தான்லா போயிருக்கா." மடியில் பிள்ளை. முகத்தில் பெருமை! பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

அண்ணிக்கு நெஞ்சு வால்வில் கோளாறு. இரண்டாவது பெண் பிறந்தபோதே டாக்டர் சொன்னார், இனி பிள்ளை வேண்டாம், உயிருக்கு ஆபத்து. அம்மாவுக்குப் பேரன் வேண்டும். அண்ணனுக்கும்தான். "ஒரே ஒரு தடவலா," என்று கெஞ்சினான். கருத்தடை மாத்திரையைக் குப்பையில் போட்டது அம்மா.

செவ்வாய்
நைட் ஷிஃப்ட் முடிந்து கூலிம் ஃபேக்டரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வீடு. படுக்கவில்லை. கிளினிக் நர்ஸ் வந்தார், தமிழ் மிஸ்ஸி. பிரசவத்தில் தாய் இறந்தால் காரணம் விசாரிப்பார்களாம்.

"முன்னெல்லாம் ரத்தப்போக்குலதான் நெறைய பேரு போவாங்க. இப்ப உடனே ரத்தம் ஏத்தி பலபேர காப்பாத்திடறோம். நெஞ்சு வியாதிக்காரங்க லேட்டா வந்தாத்தான் கஷ்டம். இவங்க ஏன்மா ஆறு மாசம் வரைக்கும் வரல?"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்ககிட்ட ஒண்ணும் சொல்லல மிஸ்ஸி. அவளே மறைச்சிட்டா."

அண்ணன் தலையாட்டினான். தூ! செத்தவள் மேலேயே பழி.

"பொய்" என்றேன். எல்லாம் சொன்னேன். டாக்டர் சொன்னது, மாத்திரை, மூச்சு வாங்கி அண்ணி சுவரில் சாய்ந்தபடியே தூங்கியது. 'கிளினிக் போனா கலைக்கச் சொல்லுவாங்க' என்று அம்மா தடுத்தது.

மிஸ்ஸி அண்ணனைப் பார்த்தார். அவன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அம்மா: "நீ என் வயித்துல பொறந்தவளா?"

புதன்
பால் மாவு, பேம்பர்ஸ், சின்னவளுக்கு இருமல் மருந்து.
என்னோடு யாரும் பேசுவதில்லை. நல்லது. அம்மா ஃபோனில் செர்டாங்கில் இருக்கும் மாமாவிடம்: "அவனுக்கு என்ன வயசாயிடுச்சு? வருசம் திரும்பட்டும், ஒரு பொண்ணு பாத்துடலாம்."
அந்தப் பெண்ணைப் பெற்றவர்கள் யாரோ, பாவம்.

சனி
வெயில். துணி துவைத்து முடித்துப் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். பெரியவள் கவிதா, ஏழு வயது, வந்து ஒட்டி நின்றாள்.

"அத்த, தம்பி பொறந்ததாலதான் அம்மா செத்துட்டாங்களா?"

"இல்லம்மா. தம்பி மேல தப்பே இல்ல."

"அப்ப யாரு மேல?"

ஹாலில் அண்ணன். டிவியில் பந்து விளையாட்டு.

"அப்பாவக் கேளு."

போய்க் கேட்டாள். டிவி சத்தத்தைக் கூட்டினான்.